ஐந்நூற்று எழுபத்து நான்கு யூனிட்

“மாமாவ இப்போ எதுவும் கேக்காதக்கா.”

“கேக்காம எப்பிடிடி? செவுரு ஏறிக்கினே போவுது.”

“ஏறட்டும். கோவத்துல கட்டுறாங்க. நீ போய் நடுவுல நின்னா, தங்கச்சிக்காரிக்காகப் பேசுறான்னு ஆயிரும். கொஞ்சம் ஆறட்டும்.”

“எத்தினி நாளு?”

“பொங்கலு வரைக்கும் பாரு. அப்பால கேளு. ஆனா ஒண்ணுக்கா, நீ மட்டும் தனியா வராத. நீ வந்தா எனுக்கு சந்தோசந்தான். எங்கூட்டுக்காரரு, ‘அண்ணன் வரல, அண்ணிய மட்டும் வேவு பாக்க அனுப்பியிருக்காரு’ன்னு சொல்லுவாரு. வந்தா மாமாவையும் கூட்டிக்கினு வா.”

கலவைச் சட்டிகளுக்கு நடுவில் நின்று தங்கை ராஜாம்பாள் இதைச் சொல்லி மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. கொளஞ்சியம்மாளுக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அந்தப் பொங்கல் போனது. அதற்குப் பிறகு இரண்டு பொங்கலும் போய்விட்டன. கணவரிடம் அவள் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். தன்னோடு ஒரு தடவை அவர் தம்பி வீட்டுக்கு வர வேண்டும். சோறு போடும்போது கேட்கலாம் என்று நினைப்பாள், சோறு தீர்ந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கலாம் என்று நினைப்பாள், பஸ் வந்துவிடும். உண்மையில் அவளுக்குப் பயம். அவர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கேட்பதற்கென்று அவளிடம் எதுவுமே மிச்சம் இருக்காது.

அக்காளும் தங்கையும் ஒரே முகூர்த்தத்தில் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர்கள். அண்ணன் கண்ணாயிரம் கொளஞ்சிக்கு. தம்பி சின்னக்கண்ணு ராஜாம்பாளுக்கு. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைக்குப் போகும் சாலை வளைந்து ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். நீளமான ஓட்டு வீடு. இருபத்தைந்து வருடம் ஒரே அடுப்பு எரிந்தது.

ஒரு வருடம் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு அண்ணன் பெயருக்கு முதலில் வந்தது. இரண்டு பேர் கரும்பையும் சேர்த்தே ஏற்றிவிடலாம் என்றார் சின்னக்கண்ணு. முறை என்றால் முறைதான் என்றார் கண்ணாயிரம். தம்பியின் கரும்பு மேலும் ஐம்பது நாள் நின்று காய்ந்தது. “நீயெல்லாம் ஒரு அண்ணனா?” என்று ஒருவர் கேட்க, “இனிமே என் வாசப்படிய மிதிக்காத” என்று மற்றவர் சொன்னார். மிதிக்காதே என்று சொன்னவர்தான் முதலில் போய் அழைக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் ஊரில் அதுதான் முறை. சொன்னவர் கண்ணாயிரம்.

பங்கு பிரிக்க வந்த பெரியவர்கள் நாடாவைப் பிடித்து அளந்தார்கள். தென்னை மரங்களை எண்ணினார்கள். கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை என்று பேசினார்கள். அம்மி அண்ணனுக்கும் ஆட்டுக்கல் தம்பிக்கும் போனது. கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. மேற்குப் பாதியும், பின்பக்கம் இருந்த பழைய குளியலறையும் தம்பிக்கு. அவருக்குத் தனி மீட்டர் வந்தது. அண்ணன் தன் பக்கத்தில் புதிதாக ஒரு குளியலறை கட்டிக்கொண்டார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் ரேஷன் கடை வரிசையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசப் பழகினார்கள்.

இந்த வருடம் தை பிறந்து பத்தாம் நாள், மின்சாரக் கணக்கெடுக்க ஆள் வந்தார். பின்தாழ்வாரத்தில் இருந்த மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“இன்னாம்மா, வூட்டுல ஏசி போட்டுட்டீங்களா?”

“ஏசியா? காலையில மலைக்காத்துல பல்லு அடிச்சுக்குது. ஃபேனு போட்டே ரெண்டு மாசம் ஆவுது சார்.”

“ஐந்நூத்தி எழுவத்தி நாலு யூனிட்டு.”

அவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போனார். கொளஞ்சியின் மகள் அபிநயா ஓடி வந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். எண்களைக் கண்டால் விடமாட்டாள்.

“போன தடவ எரநூத்தி அறுவதுமா. அதுக்கு முன்னாடி வெயில் காலத்துல, ராவும் பகலும் ஃபேன் ஓடும்போதே முந்நூத்தி இருவதுதான். ஐந்நூறத் தாண்டினா மொத்தக் கணக்கும் வேற. ரேட்டே மாறிடும்.”

“மாறிட்டா?”

“மாறிட்டா அப்பா கத்துவாரு.”

அப்பா கத்தவில்லை. அதுதான் கொளஞ்சிக்கு முதலில் புரியாமல் போனது. தெரு விளக்கு பகலில் எரிந்தால்கூடப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருகிற மனிதர். அட்டையை வாங்கினார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“பனிக்காலம்ல. ஆவும்” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

“பனிக்காலத்துக்கும் பில்லுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?” என்று அபிநயா கேட்டது அவர் முதுகில் பட்டு விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர் வேறு மாதிரி திரும்பி வந்தார். வாசலில் எரிந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, கச்சிராயபாளையத்திலிருந்து வாங்கி வந்த சின்ன எல்இடி பல்பைப் போட்டார். கொட்டகை விளக்கையும் மாற்றினார். பூஜை அறையில் இரவெல்லாம் எரியும் சீரியல் விளக்கைச் சுருட்டி டப்பாவில் போட்டார். டிவியைச் சுவரில் உள்ள ஸ்விட்சிலேயே அணைக்க வேண்டும், ரிமோட்டில் அணைத்தால் உள்ளே ஓடிக்கொண்டே இருக்குமாம். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் பிய்ந்திருந்ததைப் பார்த்துப் புது ரப்பர் கொண்டுவந்தார். மறுநாள் காலை, புதுக் குளியலறை இருக்க, தொட்டிக்கு மோட்டார் போட வேண்டாம் என்று, ஐம்பத்தெட்டு வயதில் கிணற்றடிக்குப் போய் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தார்.

“உங்களுக்கு இன்னா ஆச்சு? நெஞ்சுல சளி கட்டிக்கப் போவுது.”

“இந்த வூட்டுல எரியறத எவ்ளோ கம்மி பண்ண முடியுமோ, அவ்ளோ கம்மி பண்ணணும். ஐந்நூறுக்குள்ள வந்தாப் போதும்.”

“அது சரி. ஆனா இத்தினி நாளு வராத பில்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்க வேணாவா?”

“அதெல்லாம் பாக்க வேணாம். மீட்டரு கிட்ட யாரும் போவாதீங்க.”

இதைச் சொல்லும்போது அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் செலவு எங்கே என்று பார்க்கக் கூடாது. இது என்ன கணக்கு?

அபிநயா கேட்பாளா? மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில், அடுப்புக்கரியால் எழுத ஆரம்பித்தாள். காலை ஐந்து, ஏழு, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, இரவு பத்து. முதலில் ஃப்ரிட்ஜ் மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் முழுக்க அணைத்து வைத்தாள். பால் திரிந்ததுதான் மிச்சம், ஒரே ஒரு யூனிட்தான் குறைந்தது. அடுத்து கிரைண்டர். அதற்கடுத்து தன் லேப்டாப்பையே சந்தேகப்பட்டு அக்கம்பக்கத்தில் போய்ப் படித்தாள். ஐந்தாம் நாள் அம்மாவிடம் வந்து குந்தினாள்.

“மா, காலையில அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல மட்டும் அஞ்சு யூனிட்டு ஓடுது. மத்த நேரத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த நேரத்துல நம்ம வூட்டுல இன்னா எரியுது?”

“அடுப்படி லைட்டு.”

“ஒரு லைட்டு அஞ்சு யூனிட்டு குடிக்குமா? நான் எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டுப் பாத்தேன். மீட்டருல செவப்பா ஒண்ணு மினுக்கும் பாரு, அது வெறி புடிச்ச மாதிரி மினுக்குது. மெயின எறக்கிப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும். அப்பா விட மாட்டேங்கிறாரு. ‘மெயின்ல கை வெச்ச, கைய முறிச்சிருவேன்’னு சொல்றாரு. ஏம்மா, அப்பாவுக்கு ஏதாவது தெரியுமா?”

“அவருக்கு இன்னாடி தெரியும்.”

ஆனால் கொளஞ்சிக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் நான்கு நாளாக அவளும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்து பின்தாழ்வாரத்துக்குப் போகிறார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மீட்டருக்கு எதிரே நிற்கிறார். எதையும் செய்வதில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு வயலுக்குப் போகிறார். மாட்டுக்குத் தவிடு கலக்க வந்தவளைப் பார்த்ததும், ஏதோ தேடுவதுபோல டார்ச்சை அடித்துக் காட்டுகிறார்.

அவர் பேசிப் பழகியவர் அல்ல. அபிநயா பிறந்தபோது, பனி மாதம்தான், நாற்பது நாளும் அவரே விறகு வைத்துக் கொளஞ்சிக்கு வெந்நீர் போட்டார். ஒருநாள்கூட “சூடு போதுமா?” என்று கேட்டதில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போது முகத்தைப் பார்ப்பார். மறுநாள் சரியான சூட்டில் இருக்கும். இப்படிப்பட்ட மனிதரை அவளுக்கு இத்தனை வருடம் படிக்கத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் உரம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். அபிநயா போர்வைக்குள் இருந்தாள். கொளஞ்சி பின்தாழ்வாரத்துக்கு வந்தாள். மீட்டரில் அந்தச் சிவப்புப் புள்ளி, மகள் சொன்ன மாதிரியே, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினாள்.

அடுப்படி இருண்டது. சிவப்புப் புள்ளி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜாம்பாளின் குரல் கேட்டது.

“ஏங்க, ஹீட்டரு அணைஞ்சு போச்சுங்க!”

“கரண்டு போச்சா?” இது சின்னக்கண்ணு. “உள்ள கூடத்துல லைட்டு எரியுதே!”

கொளஞ்சி ஸ்விட்சை மேலே தூக்கினாள்.

“இதோ வந்துருச்சு, வந்துருச்சு. நீங்க ஊத்திக்கோங்க.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பழைய பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வயர் கிளம்பி, கூரைச் சட்டத்தை ஒட்டியே போய், புதுச் சுவரின் தலைக்கு மேல், ஓட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. பழைய குளியலறை விளக்கின் வயர். அந்த விளக்கின் வெளிச்சத்தில் அவளே இருபத்தைந்து வருடம் குளித்திருக்கிறாள். அம்மியைப் பிரித்தவர்கள், ஆட்டுக்கல்லைப் பிரித்தவர்கள், இந்த வயர் யாருடைய பங்கு என்று கேட்கவில்லை. வெறும் ஒரு விளக்காக இருந்தவரை அது யாருக்கும் தெரியவும் இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். மூன்று வருடமாகத் தங்கைக்கு ஒரு கிண்ணம் குழம்புகூடக் கொடுக்க முடியாதவள், தனக்கே தெரியாமல் தினமும் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த நிமிடமே பயம் வந்தது. இது அவருக்குத் தெரிந்தால்? “என் கரண்ட்டத் திருடுறான்” என்று தெருவில் நின்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பொங்கலுக்கும் எதையும் கேட்க முடியாது.

சனிக்கிழமை ரேஷன் கடையில் ராஜாம்பாள் இரண்டு ஆள் முன்னால் நின்றாள். நடுவில் நின்றவளை நைசாக முன்னே அனுப்பிவிட்டுக் கொளஞ்சி அவள் முதுகுக்குப் பின்னால் வந்தாள்.

“உடம்பு எப்பிடிடி இருக்கு?”

“எனுக்கு இன்னா, இருக்கேன். அவருக்குத்தான் முட்டி. பனில எழுந்து நிக்க முடியல. கார்த்திகை பொறந்ததும் அஜித்து ஓசூருல இருந்து வந்து ஹீட்டரு மாட்டிக் குடுத்துட்டான். காலையில ஒரு மணி நேரம் சுடுதண்ணிய ஊத்திக்கினே இருந்தாத்தான் காலு மடங்குது.”

“கரண்டு ஜாஸ்தி ஆவுமேடி.”

“அதான்க்கா அதிசயம்! பில்லு ஏறவே இல்ல. எம்புள்ள நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கியிருக்கான். நீயும் ஒண்ணு வாங்கிப் போடேன்.”

கொளஞ்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. சொன்னால், இன்று மத்தியானமே சின்னக்கண்ணு அந்த ஹீட்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார். முட்டியோடு பனியில் கிடப்பாரே தவிர, அண்ணன் மின்சாரத்தில் குளிக்க மாட்டார். அவள் பேசாமல் பையை நீட்டிச் சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அபிநயா ஒரு வெள்ளைத்தாளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மீட்டரு ரிப்பேருன்னு மனு எழுதிட்டேன். திங்கக்கெழம குடுக்கப் போறேன். ஆளு வந்து சோதிச்சுப் பாப்பாங்களாம்.”

ஆள் வந்தால் வயரைப் பிடித்துக்கொண்டே போவார்கள். தாளில் எழுதினால் அது திருட்டு. சின்னக்கண்ணு பெயரில் வழக்கு. கொளஞ்சி அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள்.

“வேணாம்டி! நான்தான். தவிட்டுத் தண்ணிக்கு தினம் வாட்டர் ராடு போடுறேன். ரெண்டு மணி நேரம்.”

“நீயா? சொல்லவே இல்ல?”

“திட்டுவியேன்னு சொல்லல.”

அப்போது வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கண்ணாயிரம் வேகமாக உள்ளே வந்தார்.

“மனுவெல்லாம் குடுக்காத பாப்பா. நான்தான். தோட்டத்துப் பூச்செடிக்கு வூட்டு மோட்டாரப் போட்டேன். தினம் மூணு மணி நேரம். அது மட்டும் இல்ல, கன்னுக்குட்டிக்குக் குளுருதுன்னு நூறு வாட்டு குண்டு பல்பு நாலு, ராவெல்லாம் எரிய வுட்டுட்டேன்.”

அபிநயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மனுவைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

“வழக்கமா வர்றது எரநூத்தி அறுவது. அம்மாவோட ராடு நூத்தி எம்பது. அப்பாவோட மோட்டாரு நூத்தி முப்பத்தஞ்சு. பல்பு நாலு, எரநூத்தி நாப்பது. கூட்டினா எண்ணூத்தி பதினஞ்சு வருது.” பேனாவை மூடினாள். “பில்லு வந்தது ஐந்நூத்தி எழுவத்தி நாலு. ரெண்டு பேரும் சேந்து கரண்டு ஆபீசுக்கு மேலயே பில்லு போடுறீங்க. இன்னொண்ணுப்பா. கன்னுக்குட்டி பொறந்தே பத்து நாளுதான் ஆவுது.”

கண்ணாயிரம் தொண்டையைச் செருமினார். கொளஞ்சி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். நான் பொய் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, இவர் எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் முகத்திலும் அதே குழப்பம்தான் இருந்தது.

“எனுக்கு ரெண்டு பேரு மேலயும் நம்பிக்க இல்ல” என்று எழுந்தாள் அபிநயா. “ராசு அண்ணன நாளைக்கு வரச் சொல்லிட்டேன்.”

ராசு கச்சிராயபாளையத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மஃப்ளர் சுற்றிய தலையோடு வந்து இறங்கினார். மீட்டரைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், கூரைச் சட்டத்தின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“யம்மா! இன்னா இது, இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது? இந்த வயரு எங்க போவுது?”

“மாட்டுக் கொட்டாய்க்கு” என்றார் கண்ணாயிரம்.

“பழைய சாமி வெளக்குக்கு” என்றாள் கொளஞ்சி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ராசு ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தார்.

“ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லுங்க. வயரு ஒண்ணுதான் இருக்கு.”

சுவருக்கு அந்தப் பக்கம் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ராசு அதைக் கேட்டார். வயரைப் பார்த்தார். மெதுவாக இறங்கினார்.

“சரிதான்” என்றார் குரலைத் தாழ்த்தி. “இது ஒரு லைட்டுக்குப் போட்ட வயரு. நடுவுல ஒட்டுப் போட்ட எடம் உருகி ஓடிக்கினு இருக்கு. மேல காஞ்ச சட்டம். என்னிக்கு வேணா புடிச்சுக்கும். இன்னிக்கு எரிஞ்சது எரிஞ்சதா இருக்கட்டும், நாளையிலருந்து இதுல ஹீட்டரு ஓடக் கூடாது. அவங்க மீட்டருலருந்து தடியா ஒரு வயரு இழுத்தா அர நாள் வேலதான். ஆனா அந்த வூட்டுக்காரரு சொல்லணும்.”

“நீயே போய்ச் சொல்லிடுப்பா” என்றார் கண்ணாயிரம்.

“நானா? நான் வெளியாளு. ‘ரெண்டு மாசமா உங்கண்ணன் கரண்ட்டுல குளிச்சுக்கினு இருக்கீங்க’ன்னு நான் போய்ச் சொன்னா, அந்த மனுசன் மூஞ்சி எப்பிடி ஆவும்? அது நீங்க பேச வேண்டிய பேச்சு. பேசிட்டுக் கூப்புடுங்க, வந்து போட்டுக் குடுக்கறேன்.”

அவர் போனதும் அபிநயா வாயைப் பிளந்தாள். “அப்போ சித்தப்பா வூட்டு ஹீட்டரா இத்தினி நாளு... நான் வேணா அஜித்துக்குப் போன் போட்டுச் சொல்லிரட்டா?”

“வேணாம்” என்றார்கள் அப்பாவும் அம்மாவும். இந்த முறை இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். அவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

பின்தாழ்வாரத்துப் படியில் கண்ணாயிரம் உட்கார்ந்தார். சற்றுத் தள்ளிக் கொளஞ்சியும் உட்கார்ந்தாள்.

“உனுக்கு எப்போ தெரியும்?” என்றார்.

“வியாழக்கெழம. நீங்க உரம் வாங்கப் போனப்போ மெயின எறக்கிப் பாத்தேன். உங்களுக்கு?”

“கார்த்திகை கடைசில. விடிகாலைல மீட்டரு படபடன்னு ஓடுச்சு, வயரப் பாத்துக்கினே வந்தேன்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கார்த்திகை, மார்கழி, தை. பில் வருவதற்கு முன்னாலிருந்தே தெரிந்திருக்கிறது. பில் வந்த அன்று கத்தாமல் போனதும், பல்பு பல்பாகக் கழற்றியதும், கிணற்றடியில் நடுங்கியதும் அவளுக்குள் ஒவ்வொன்றாக இடம் பிடித்து உட்கார்ந்தன.

“என்னண்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ உந்தங்கச்சிகிட்ட சொல்லுவ. அவ அவங்கிட்ட சொல்லுவா. அவன் அன்னிக்கே கழட்டிப் போட்டுருவான். அவங்கொணம் எனுக்குத் தெரியாதா?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நீ ஏன் சொல்லல?”

“உங்ககிட்ட சொன்னா நீங்க வயர அறுத்துருவீங்கன்னு.”

“நான் அறுப்பனா?”

அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. வலி இருந்தது. மூன்று வருடமாக அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்பறம் தினம் காலையில இங்க வந்து நிக்கறீங்களே, அது எதுக்கு?”

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் இன்னும் ஓயவில்லை. தலையைச் சற்று அந்தப் பக்கம் சாய்த்தார்.

“எண்ணுவேன்” என்றார்.

“எத?”

“சொம்ப. வலி கம்மியா இருந்தா இருவது சொம்புல எழுந்துருவான். நேத்து முப்பத்தி ரெண்டு. இன்னிக்கு நாப்பதத் தாண்டிருச்சு, இன்னும் ஊத்திக்கினு இருக்கான். சின்னப் புள்ளைல கெணத்து மோட்டுலருந்து உழுந்தானே, அந்த முட்டிதான். அன்னிக்கு நாந்தான் தூக்கிக்கினு ஓடினேன்.”

கொளஞ்சி அந்தச் சுவரையே பார்த்தாள். ஒரு பக்கம் தம்பி வலியை ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் அண்ணன் தினமும் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவள் அடுப்படிக்குள் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“நாளைக்கு இன்னா பண்ணப் போறீங்க?”

“அஞ்சு மணிக்கு மெயின எறக்கிர்றேன். ஹீட்டரு ரிப்பேருன்னு நெனச்சுக்குவாங்க.”

“அவுரு காலு?”

அவர் துண்டை மடியில் போட்டு முறுக்கினார்.

“ரிப்பேருன்னு ஆளக் கூட்டியாருவாங்க. அவன் வந்து வயரத் தேடிக்கினு நம்ம பெட்டி வரைக்கும் வருவான். ஊரு முழுக்கத் தெரியும். அப்பால உங்க தம்பி உசுரோட இருப்பாரா?”

“அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும் கொளஞ்சி? வாசப்படிய மிதிக்காதன்னு சொன்ன வாயி இது. இத வெச்சுக்கினு அங்க போய் நின்னு இன்னா பேசறது?”

அந்தப் பக்கம் சொம்பு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. “மெதுவா, செவுத்தப் புடிச்சுக்கினு எழுந்திருங்க” என்றாள் ராஜாம்பாள். ஒரு நீண்ட முனகல் கேட்டது. கண்ணாயிரம் பாதி எழுந்துவிட்டார். அங்கே தாங்கிப் பிடிக்கப் போகிறவர்போலக் கை தானாக முன்னால் நீண்டது. பிறகு தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து அப்படியே நின்றார்.

கொளஞ்சி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பனியில் சில்லிட்டுக் கிடந்தது. 

“மூணு வருசமா உங்களண்ட ஒண்ணு கேக்கணும், கேக்கணும்னு இருக்கேங்க. முடியாதுன்னு சொல்லிருவீங்களோன்னு கேக்காமலே காலத்தத் தள்ளிட்டேன். பேச எல்லாம் ஒண்ணும் வேணாம், பேச வேண்டியத நான் பேசிக்கிறேன். நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வரேன். எங்கூட உங்க தம்பி வூட்டுக்கு வாங்க.”